எட்டாம் வகுப்பு அழுது முடித்த பிறகு

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் எட்டாம் வகுப்பு அழுது முடித்தது. எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தினார்கள். கனிமேட்டில் எடை குறைவு. கண்ணீர் நம்மூர்போல் கன்னத்தில் வழியாது, கண்ணோரத்தில் பட்டாணி அளவுக்குத் திரண்டு அங்கேயே நிற்கும். அதை ஒற்றியெடுக்க மேசைமேல் ஆளுக்கொரு பஞ்சுத் துணி. பிள்ளைகள் ஒற்றினார்கள், மடித்து வைத்தார்கள், அடுத்து என்ன என்பதுபோல் ஆசிரியையைப் பார்த்தார்கள்.

வியாழனைச் சுற்றும் அந்தப் பெரிய நிலவுக்கு அறிவியல்காரர்கள் வைத்த பெயர் வேறு. குடியேறிய நம் ஆட்கள் நாலு தலைமுறையாக அதை வாயில் போட்டு மென்று கனிமேடு ஆக்கிவிட்டார்கள். பேருக்குத்தான் கனி, பேருக்குத்தான் மேடு. பனிப்பாறைக்கு அடியில் குடைந்த ஊர் அது. காற்று, தண்ணீர், வெளிச்சம் மூன்றையும் இயந்திரம்தான் கொடுக்கும். இயந்திரத்தை மனிதர்கள் மாற்றி மாற்றிப் பழுது பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இலக்கிய ஆசிரியை சுடர்க்கொடி அன்று எதுவும் சொல்லி அழவைக்கவில்லை, அடித்தும் அழவைக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்தின் பின்னாலும் தோலுக்கடியில் பிடரிச்சில்லு உண்டு. அதற்கு ஓர் உணர்வலையை அனுப்பினால் போதும், சோகமென்றால் சோகம், பெருமிதமென்றால் பெருமிதம். அன்றைய பாடம் ‘மூங்கில் பிடிக் குடை’ என்ற பழைய சிறுகதை. செங்கமலம் என்கிற ஏழைப் பெண் தன் ஒரே குடையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு இறந்துபோகிறாள். கருத்து: தியாகம். தேர்வில் தவறாமல் வரும்.

இதெல்லாம் வருவது பாடச் சத்திரம் என்கிற மின்னூலகத்திலிருந்து. பூமியில் இருந்து நடக்கிற சத்திரம். யார் வேண்டுமானாலும் போகலாம், எது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரு பைசா கிடையாது. தினமும் அதன் நகல் ஒன்று கனிமேட்டிலும் வந்து இறங்கிவிடும். ஒரு கதையின் பெயரைச் சொல்லவேண்டியதுதான். கதைச் சுருக்கம், சுருக்கத்தின் சுருக்கம், பாத்திர வரைபடம், வினாவங்கி, மாதிரி விடை, உணர்வலை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் என்னென்ன கேட்பார்கள், அதற்கு ஆசிரியர் என்ன சொல்லவேண்டும், சொல்வதற்கு முன் யோசிப்பதுபோல் எவ்வளவு நேரம் கூரையைப் பார்க்கவேண்டும் என்பது வரைக்கும் உண்டு. இவ்வளவையும் சும்மா கொடுக்கிற மகராசன்களை எந்த வாத்தியார் குறை சொல்லுவார்? சுடர்க்கொடியும் பதினெட்டு வருஷமாக வாழ்த்திக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இலக்கியப் பாடவேளை எதற்கு, அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பனி குடையும் துளைபொறியின் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் ஊருக்கு ஆகுமே என்று ஊர்மன்றத்தில் ஒருவர் கிளப்பிவிட்டார். பத்துப் பேர் தலையாட்டினார்கள். பக்கத்து நிலவிலிருந்து பரிசோதகர் வியாழக்கிழமை வருகிறார், வகுப்பை நேரில் பார்ப்பார், அவர் சொன்னால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்று முடிவு. எடுத்துவிட்டால் சுடர்க்கொடிக்கு உணவுக்குப் பாசி வளர்க்கும் தொட்டியில் வேலை போட்டுக்கொடுப்பார்கள், பட்டினி கிடக்கப்போவதில்லை. அவள் கவலை அதுவல்ல. அந்த ஊரில் எதையும் பழுது பார்க்காமல் நாலு பேர் கூடி உட்காரும் நேரம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்வார்களே என்றுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அதனால் அந்தத் திங்கட்கிழமை நடந்தது வியாழக்கிழமைக்கான ஒத்திகை. அலை அனுப்பியாயிற்று, அழுதாயிற்று, சுவரில் இருக்கும் ஒத்திசைவு மானி முழுப் பச்சை காட்டியது. வகுப்பு முழுதும் சரியான உணர்ச்சியைச் சரியான அளவில் அடைந்துவிட்டது என்று அர்த்தம். சுடர்க்கொடி மூச்சு விட்ட நேரத்தில் மூன்றாம் வரிசை வேல்விழி கையைத் தூக்கினாள். வளவளவென்று பேசுகிற பெண் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் வில்லங்கம்தான்.

“டீச்சர், செங்கமலம் செத்துட்டாங்க. சரி. அந்தக் குடை யாருகிட்ட போச்சு?”

சுடர்க்கொடி கூரையைப் பார்த்தாள். பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகள் என்று சத்திரம் கொடுத்த வரிசையைத் தன் மூக்குக்கண்ணாடித் திரையில் ஓட்டிப் பார்த்தாள். குடையின் நிறம் இருந்தது, குடை எதன் குறியீடு என்பது இருந்தது, குடை யாரிடம் போயிற்று என்பது இல்லை. கதையிலேயே இருக்கும், எடுத்துப் பார் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. வந்த வார்த்தை அப்படியே நின்றது. அந்தக் கதையை அவளே ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, வகுப்பு கலைந்ததும் சத்திரத்துக்குள் போனாள். மேலேயிருந்து கீழே வந்தால் வந்துகொண்டே இருக்கிறது. செங்கமலத்தின் குணநலன்கள், செங்கமலமும் சூழலியலும், செங்கமலம் பற்றிய விளையாட்டு, குடை செய்வது எப்படி என்று ஒரு செய்முறைகூட. எல்லாவற்றுக்கும் அடியில், மங்கலாக, மூலக் கதை என்று ஓர் இடம். தொட்டாள். இங்கு எதுவும் இல்லை, பாடக் குறிப்புகளைப் பார்க்கவும் என்று வந்தது.

பரிசோதகர் கதையைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது? பக்கத்து நிலவுகளில் இதே பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கூப்பிட்டாள். ஒருவரிடமும் இல்லை. இல்லாததைப் பற்றி ஒருவருக்கும் வருத்தமும் இல்லை. கதையை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப்போகிறாய் என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள். மூத்த ஆசிரியர் பெரியநாயகம், இந்தக் கதையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியவர், சுருக்கம்தானே கதை, அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்றா சொல்கிறாய் என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது, பாவம்.

கடைசியில் பூமிக்கே செய்தி அனுப்பினாள். சத்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆரோக்கியசாமி என்று ஒருவர். கேள்வி போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு சாப்பாடு முடிந்துவிடும், அவ்வளவு தூரம். பதில் குரலாகவே வந்தது, நல்ல பொறுமையான குரல்.

“அம்மா, தேடிப் பார்த்துட்டேன். எங்ககிட்ட துப்புரவின்னு ஒரு இயந்திரம் இருக்கு. பத்து வருஷம் யாரும் திறக்காத சரக்கைக் குப்பைன்னு கூட்டித் தள்ளிடும். குறிப்பைத் தினம் லட்சம் பேர் திறக்கிறாங்க, அது பத்திரமா இருக்கு. கதையை யாரும் திறக்கல, அது போயிடுச்சு. போயி ரொம்ப வருஷமாச்சும்மா. கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்.”

புகார் ஒன்றும் வராததால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே நினைத்திருந்தோம் என்று அவர் மேலும் சொன்னார். பழைய குளிர்க்கிடங்கு ஒன்று நிலத்தடியில் இருக்கிறது, கூட்டித் தள்ளியதெல்லாம் அங்கேதான் உறைந்து கிடக்கும், இறங்கிக் கிளறிப் பார்க்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார். சுடர்க்கொடிக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. செவ்வாயும் புதனும் அவள் செய்தி வருகிறதா என்று பார்ப்பதும், வேல்விழி கண்ணில் படாமல் நடப்பதுமாகக் கழித்தாள்.

வியாழக்கிழமை காலை பரிசோதகர் மருதவாணன் வந்து இறங்கினார். உயரமான மனிதர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எடை குறைவில் எழும்பிவிடாமல் இருக்க இடைவார் போட்டுக்கொண்டார். சுடர்க்கொடி வணக்கம் சொல்லி, பாடத்தின் பெயரைச் சொல்லி, உணர்வலையை அனுப்பக் கையை எடுத்தாள். அவர் வேண்டாம் என்று விரலை அசைத்தார்.

“அலையை அனுப்ப இயந்திரமே போதும் டீச்சரம்மா. மன்றத்துல அதைத்தான் கேக்குறாங்க. இந்த வகுப்புல நீங்க எதுக்கு?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை, அதுதான் சங்கடம். கண்ணாடியின் ஓரத்தில் அப்போதுதான் பார்த்தாள், பூமியிலிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. காலையில் அலையை நான்கு தடவை சரிபார்த்த பரபரப்பில் கவனிக்கவில்லை. கிடைத்துவிட்டது அம்மா, நானும் இன்னும் படிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன் என்று ஆரோக்கியசாமி சொல்லியிருந்தார். கீழே கதை. முழுக் கதை.

படிக்காத கதையைப் பரிசோதகர் முன்னால் படிப்பதா? வேறு வழி என்ன இருக்கிறது? இன்றைக்குக் கதையை வாய்விட்டு வாசிக்கப்போகிறேன், கேளுங்கள் என்றாள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எங்கே அழவேண்டும் என்று முன்வரிசைப் பையன் ஆழிமுத்து கேட்டான். வரும்போது வரும் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

கதையில் செங்கமலம் இருந்தாள், குடை இருந்தது, பக்கத்து வீட்டுக்காரி பாக்கியம் இருந்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போக பாக்கியம் குடையை இரவல் வாங்கிப் போகிறாள். கல்யாணம் முடிகிறது, அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் பிள்ளையே பிறந்துவிடுகிறது, குடை திரும்பி வரவில்லை. போய்க் கேட்கலாமே? செங்கமலத்துக்கு அது கௌரவக் குறைச்சல். ஒரு குடைக்காக வாசலில் வந்து நின்றாள் என்று ஊர் பேசாதா? மழை பிடிக்கிறது. இவள் ஒரு யோசனை செய்கிறாள். நனைந்துகொண்டே பாக்கியம் வீட்டைத் தாண்டி நடந்தால், பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் தானே கொண்டுவந்து கொடுப்பாள் அல்லவா?

இங்கே ஆழிமுத்து மறுபடி கையைத் தூக்கினான். கனிமேட்டில் மேலேயிருந்து தண்ணீர் விழுந்தால் கூரை கசிகிறது என்று அர்த்தம், அபாயச் சங்கு ஊதி ஊரே கவசம் மாட்டிக்கொண்டு ஓடும். அங்கே ஏன் சங்கு ஊதவில்லை, அந்த அம்மா ஏன் வெளியே போகிறார்கள் என்று அவனுக்குக் கவலை. அந்த ஊரில் மழை பெய்வது வழக்கம்தான், யாரும் சாகமாட்டார்கள் என்று சொன்னாள் சுடர்க்கொடி. சொல்லும்போதே, சுருக்கத்தில் செத்துப்போனாளே என்று அவளுக்கே உறைத்தது. எப்போது சாகப்போகிறாளோ என்று பயந்துகொண்டே மேலே படித்தாள்.

செங்கமலம் முதல்முறை நடக்கிறாள். பாக்கியம் ஜன்னலில் நின்று பார்க்கிறாள், உள்ளே போய்விடுகிறாள். மறுபடி நடக்கிறாள், இந்தத் தடவை கொஞ்சம் இருமிக்கொண்டு. பாக்கியம் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்: பாருங்க, இவளுக்குத்தான் மழைன்னா எவ்வளவு ஆசை, இந்த வயசுலயும் சின்னப் பிள்ளையாட்டம். மூன்றாம் தடவை செங்கமலம் வாசலிலேயே நின்று முந்தானையைப் பிழிகிறாள். பாக்கியம் சிரித்துக் கையாட்டுகிறாள்.

முதலில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. வேல்விழி. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், தொண்டையில் கீச்சென்று ஒன்று தப்பித்துவிட்டது. பக்கத்துப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வொரு வரிசையாகத் தொற்றிக்கொண்டது, ஆனால் ஒருத்தர் சிரித்த இடத்தில் இன்னொருத்தர் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் பஞ்சுத் துணியைக் கையில் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆழிமுத்து விஷயம் புரிந்து சிரிக்கத் தொடங்கியபோது மற்றவர்கள் ஓய்ந்திருந்தார்கள். அவன் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து மறுபடி தொடங்கினார்கள்.

காய்ச்சல் வந்தது. செங்கமலம் சாகவில்லை. சளிக் காய்ச்சல், கஷாயம் குடித்துப் போர்த்திப் படுத்தாள். அவளைப் பார்க்க பாக்கியம் வருகிறாள், கையில் அதே மூங்கில் பிடிக் குடை. செங்கமலத்துக்கு மனசு குளிர்ந்துவிடுகிறது. நனைந்தது வீண்போகவில்லை! பாக்கியம் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசி, இனிமேல் மழையில் ஆடாதே என்று புத்தியும் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறாள். வெளியே எட்டிப் பார்க்கிறாள். தூறல். நல்லவேளை, கையோடு குடை இருக்கிறது என்று சொல்லி விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். கதை முடிந்தது.

கனிமேட்டில் பெரிதாகச் சிரித்தால் உட்கார்ந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவோம். பாதிப் பிள்ளைகள் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் பரிசோதகரின் இடைவார் இழுபட்டு இழுபட்டு அடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனிதர் குலுங்கினார். சுடர்க்கொடிக்கும் கடைசி வரியில் குரல் வழுக்கிவிட்டது. எவ்வளவு நாளாகிவிட்டது இப்படிச் சிரித்து!

அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள். ஒத்திசைவு மானி சிவப்பில் இருந்தது. எதிர்பார்த்தது சோகம், கிடைத்தது வேறு, வகுப்பு முழுதும் தவறு, மதிப்பெண் பூஜ்யம். சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கியது. பூஜ்யம் வாங்கிய வகுப்பை எந்தப் பரிசோதகர் விட்டுவைப்பார்? போயிற்று, எல்லாம் போயிற்று என்று எண்ணிக்கொண்டாள். சுருக்கத்தைச் சுருக்கி, அதையும் சுருக்கி வந்த வழியில் எங்கேயோ ஓர் இயந்திரம் காய்ச்சலைச் சாவாக்கியிருக்கிறது, ஊரே அதை நம்பித் தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறது. அதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

மருதவாணன் எழுந்து வந்தார். மானியை நிறுத்தினார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, முன்வரிசை மேசைமேல் சாய்ந்து நின்றார்.

“நானும் எட்டாவதுல இந்தக் குடைக்கு அழுதவன்தான். முழு மதிப்பெண். எங்கம்மா போனப்போ எப்படி அழறதுன்னு தெரியாம, இதை நினைச்சுத்தான் அழுதேன்.”

இந்தப் பாடவேளையை யாரும் தொடக்கூடாது என்று எழுதிவிடுகிறேன் என்றார். இதோடு விடமாட்டேன், இந்த அனுபவம் எல்லா நிலவிலும் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னார். அவர் போன பிறகு சுடர்க்கொடி ஆளில்லாத வகுப்பில் உட்கார்ந்து சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள். அலை ஏதும் இல்லாமல், தானாக.

பரிசோதகர் சொன்ன சொல் தவறாதவர். அறிக்கை சத்திரத்துக்குப் போனது, சத்திரம் உடனே திருத்திக்கொண்டது. பழைய சுருக்கம் போய்ப் புதிய சுருக்கம் வந்தது, அடியில் காலியாகக் கிடந்த இடத்துக்கு மூலக் கதையும் திரும்பியது. கருத்து: நகைச்சுவை உணர்வு. அன்று வகுப்பில் பிள்ளைகள் சிரித்ததைப் பிடரிச்சில்லுகள் தம் வழக்கப்படி பதிவு செய்துவைத்திருந்தன. அதிலிருந்து சத்திரம் அருமையான உணர்வலை ஒன்றைத் தயார் செய்தது. சும்மாதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய ஆசிரியர்கள் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். பெரியநாயகம் புதிதாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

மறுவருஷம் சுடர்க்கொடி புது எட்டாம் வகுப்புக்குக் கதையை வாசித்துத்தான் பார்த்தாள். வாசித்தால் பிள்ளைகள் அவரவர் இஷ்டத்துக்கு அங்கங்கே சிரித்தார்கள், மானி மஞ்சளைத் தாண்டவில்லை. தேர்வு வருகிறதே என்று பெற்றோர் வந்து நின்றார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சரி, இந்த ஒரு பருவம் மட்டும் என்று அவள் அலையை அனுப்பினாள். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் எட்டாம் வகுப்பு சிரித்து முடித்தது. ஒன்றாகத் தொடங்கி, நடுவில் எல்லாருமே கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, ஒன்றாக நிறுத்தினார்கள். வேல்விழி ஒன்பதாம் வகுப்புக்குப் போயாயிற்று. அவளுடைய கீச்சுச் சத்தம் மட்டும் எட்டாம் வகுப்பிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரம் ஆரோக்கியசாமியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மூலக் கதையை எத்தனை பேர் திறந்தார்கள் என்று அவள் ஆசையாகக் கேட்டிருந்தாள். நீங்கள் ஒருவர்தான் அம்மா என்று அவர் சொன்னார். பரிசோதகர்கூடத் திறக்கவில்லை, சுருக்கத்தைத்தான் திறந்தார். பத்து வருஷத்தில் துப்புரவி மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சுடர்க்கொடிக்கு மனசு பதறிவிட்டது. இனி ஒரு கதையையும் குப்பைக்கு விடமாட்டேன் என்று அன்றே உறுதி எடுத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்பின் மற்றப் பாடங்களுக்கு உரிய மூலக் கதைகளையும் குளிர்க்கிடங்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி ஆரோக்கியசாமியை நச்சரித்தாள். அந்த நல்ல மனிதரும் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்து அனுப்பினார். அவை எல்லாம் இப்போது சத்திரத்தில் பத்திரமாக இருக்கின்றன. மாதம் பிறந்தால் முதல் வேலையாகச் சுடர்க்கொடி உட்கார்ந்து ஒவ்வொரு கதையாகத் திறக்கிறாள். திறந்த கணக்கு ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறாள். விடுமுறை விடட்டும், எல்லாவற்றையும் நிதானமாகப் படிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுகிறாள்.